பழைய ஜீப்பும் புதிய கேம் ஷாப்ட்டும்

புனே நகரத்தின் மேற்கே சஹ்யாத்திரி மலைத்தொடர் அரண்போல் நிற்கின்றது. கட்கியிலோ தேஹு ரோடிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒரு விடுமுறை நாளில் வெளியே புறப்பட்டால், சிங்ககட் ஏற்றமோ, தாம்ஹிணி கணவாயோ, போரிலிருந்து மஹாடு செல்லும் வரந்தா கணவாயோ எதிர்ப்படும். இவ்வழிகளில் செல்வதற்கென்றே பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பைப் பேணி வருவோர் நம்மவரிலும் உண்டு. வண்டி மேட்டில் திணறும்போது, ‘பெர்ஃபார்மன்ஸ் கேம்’ ஒன்றைப் பொருத்தினால் வலிமை கூடும் என்று யாரேனும் யோசனை கூறுவார்கள். அந்தச் செலவில் இறங்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே ஆராய்வோம்.

இஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கலவை உட்புக ஒரு வால்வும், எரிந்த புகை வெளியேற ஒரு வால்வும் உண்டு. இவற்றை உரிய தருணத்தில் திறப்பது கேம் ஷாப்ட். அது நீண்டதொரு இரும்புத் தண்டு. அதன்மேல் முட்டை வடிவான புடைப்புகள் அமைந்துள்ளன. கிராங்க் ஷாப்ட் இருமுறை சுழல்வதற்குள் அது ஒருமுறை சுழல்கின்றது. புடைப்பின் உயரத்தைப் பொறுத்து வால்வு திறக்கும் அளவும், அதன் வடிவத்தைப் பொறுத்துத் திறந்திருக்கும் காலமும் அமைகின்றன.

மஹிந்திரா நிறுவனம் 1947-ஆம் ஆண்டில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1953-இல் வெளிவந்த சி.ஜே.3பி மாதிரி பின்னர் நம் நாட்டுச் சாலைகளில் பெருவழக்காயிற்று. அதன் பெட்ரோல் இஞ்சின் ‘எஃப்-ஹெட்’ வகையைச் சேர்ந்தது. உள்வரு வால்வு தலைப்பகுதியிலும், வெளியேற்று வால்வு அடிக்கட்டையிலும் அமைந்திருக்கும். இரண்டையும் ஒரே தண்டு இயக்கும். உயரம் மிகுந்த இந்த இஞ்சினுக்காகவே அவ்வண்டியின் பானெட் மேலே தூக்கி அமைக்கப்பட்டது. கொள்ளளவு சுமார் 2,200 கன சென்டிமீட்டர். பிஸ்டனின் விட்டம் 79 மி.மீ.; அது ஏறி இறங்கும் தூரமோ 111 மி.மீ. இத்தகைய நீண்ட ஓட்டமுடைய இஞ்சின் மெதுவாகச் சுழன்று பாரம் இழுப்பதற்கே ஏற்றது. அதன் முறுக்கு விசை உச்சத்தை அடைவது நிமிடத்திற்கு 2,000 சுற்றில். சுமார் 72 குதிரைத்திறன் என்னும் உச்ச வலிமை கிட்டுவது 4,000 சுற்றில்.

இவ்வகை வில்லிஸ் இஞ்சினில் உள்வரு வால்வு, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 9 பாகை முன்னதாகத் திறந்து, அடியைத் தொட்டபின் 50 பாகை கழித்து மூடுகின்றது. ஆக 239 பாகை திறந்திருக்கும். வேகத்திற்கென வடித்த தண்டில் இக்கால அளவு இன்னும் நீளும். வேகமாகச் சுழலும்போது விரைந்து வரும் காற்று தன் உந்தத்தால் மேலும் உள்ளே புகுமாதலால், தாமதமாக மூடுவது நன்மையே. ஆனால் மெதுவாகச் சுழலும்போது அந்த உந்தம் இல்லை. மேலெழும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அமுக்கம் குறையும், இழுப்பும் குறையும். ஆகவே, மேல்வேகத்தில் வலிமையைப் பெறுவதற்குக் கீழ்வேகத்தில் விலை கொடுக்கின்றோம்.

அந்த மேல்வேகம் நமக்கு எப்போது பயன்படும்? 5.38 விகித அச்சும் பழைய அளவு டயரும் உள்ள ஜீப், உயர்ந்த கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும்போது இஞ்சின் ஏறத்தாழ 2,400 சுற்றே சுழல்கின்றது. 3,000 சுற்றுக்கு மேல் விழித்தெழும் தண்டின் பயனை உயர்ந்த கியரில் காண, 75 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவேண்டும். பழைய டிரம் பிரேக்குகளையும் தகட்டு வில்களையும் நம்பி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவ்வேகத்தில் செல்வது அறிவுடைமையன்று.

மலையிலோ நிலைமை நேர்மாறானது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்கள் இதை அறிவார்கள். வளைவில் வண்டி தவழ்ந்து திரும்புகையில் இஞ்சின் 1,000, 1,200 சுற்றில் இழுக்கவேண்டும். அங்கே அது திணறி நின்றால் வண்டி பின்னோக்கி உருளும். மேலும், இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் மிகுந்தால் உறிஞ்சுவிசை குன்றும். அவ்விசையால் இயங்கும் பழைய வைப்பர் ஆடிமாத மழையில் சோர்ந்துவிடும். நின்றபடி ஓடும்போது எரியாத கலவை வெளியேறுவதால் புகைச் சோதனையிலும் இடர்ப்பாடு நேரலாம்.

எனவே, முதலில் உங்கள் ஜீப்பில் இருப்பது மூல பெட்ரோல் இஞ்சின்தானா என்று உறுதி செய்யுங்கள். பலவற்றில் டீசல் இஞ்சின் மாற்றப்பட்டுள்ளது. அடுத்து அமுக்கம், வால்வு இடைவெளி, கார்புரேட்டர், தீப்பொறி நேரம் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய தண்டின் புடைப்புகளையும் மைக்ரோமீட்டரால் அளக்கச் செய்யுங்கள். தேய்ந்த புடைப்பே திணறலுக்குக் காரணமாயின், மூல அளவிலேயே ஒரு புதுத் தண்டு போதும். சிறிது கூடுதல் வேண்டுமெனில், திறந்திருக்கும் காலத்தை அதிகம் நீட்டாமல் உயரத்தை மட்டும் சற்றே மிகுத்த, கீழ்வேக இழுப்புக்கென வடித்த தண்டைக் கேளுங்கள். இரண்டு தண்டுகளை ஒப்பிடும்போது இரண்டின் பாகைகளும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்று பாருங்கள். வால்வு அசையத் தொடங்கியதிலிருந்து அளந்த எண்ணும், டாப்பெட் 0.050 அங்குலம் உயர்ந்தபின் அளந்த எண்ணும் வெவ்வேறானவை.

புதுத் தண்டுடன் புது டாப்பெட்டுகளையே பொருத்தவேண்டும். பழையவை புதிய புடைப்பை அரித்துவிடும். துத்தநாகச் சேர்க்கை மிகுந்த எண்ணெய் ஊற்றி, முதன்முறை ஓட்டும்போது மந்தமாக ஓடவிடாமல், சுமார் 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓட்டுவது மரபு.

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது நம் முன்னோர் மொழி. மலையேறும் வண்டிக்கு வேண்டியது மலையேறும் தண்டு. தண்டின் பெயரைக் கேட்பதற்குமுன், அது எத்தனை சுற்றில் இழுக்கும் என்று கேளுங்கள். மெக்கானிக் மராட்டியரானாலும் தமிழரானாலும் அந்த ஒரு வினாவே உங்கள் பணத்தையும் பயணத்தையும் காக்கும்.