விடிய விடிய நடந்த ஆட்டம்!

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு என்று ஒரு சின்ன மாநிலம். அங்கே பாட்டக்கெட் என்பது நூற்பாலைகளால் வளர்ந்த ஊர். பெரிய நகரத்துப் பேஸ்பால் குழுக்களுக்கு ஆட்டக்காரர்களைப் பழக்கி அனுப்புவது இத்தகைய ஊர்களின் குழுக்கள்தான்.

1942-ல் மைதானம் திறந்தார்கள். 1946-ல் ஒரு குழு வந்தது. நான்கு ஆண்டில் மறைந்தது. 1966-ல் வந்ததோ இரண்டே ஆண்டு! 1970-ல் பாஸ்டன் "ரெட் சாக்ஸ்" குழுவின் கிளை வந்தது. அதுவும் கடனில் மூழ்கியது. 1977-ல் பென் மாண்டர் என்ற தொழிலதிபர் வாங்கிக் கரையேற்றினார்.

மிஞ்சியவர் 19 பேர்

1981 ஏப்ரல் 18 இரவு. ராச்செஸ்டர் குழுவுடன் ஆட்டம். ஒன்பது சுற்றில் முடியவேண்டியது. இரு குழுவும் சமம். 21-வது சுற்றில் ராச்செஸ்டர் ஓர் ஓட்டம் எடுத்தது. அப்பாடா, முடிந்தது! எங்கே முடிந்தது? பாட்டக்கெட் வீரர் வேட் பாக்ஸ் அடித்த அடியில் மறுபடியும் சமம்.

குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். 32 சுற்று முடிந்து, விடியற்காலை 4 மணி 7 நிமிடத்துக்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். அப்போது இருந்த ரசிகர்கள் 19 பேர்!

ஜூன் 23-ந் தேதி தொடர்ந்தார்கள். பதினெட்டே நிமிடம். பாட்டக்கெட் வென்றது. தொழில்முறைப் பேஸ்பாலில் மிக நீண்ட ஆட்டம் இதுதான்.

2021-ல் குழு வூஸ்டர் நகரத்துப் புது மைதானத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் கட்டுவதற்காகப் பழைய மைதானத்தை 2025-ல் இடித்தார்கள்.