கூடையில் வரும் குஞ்சுகள்

பொழுதைப் போக்குவோர் பலர். பொழுதைப் பயனுடையதாக்குவோர் சிலர். ஊரை விட்டு மும்பைக்கு வந்து, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்குப் பொழுது கிடைப்பதே அரிது. அலுவலுக்குச் செல்வோர் விடியலில் இரயிலேறி இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். பிள்ளைகளோ பள்ளி விட்டதும் நான்கு சுவர்களுக்குள் அடைபடுகின்றனர். கைப்பேசியே அவர்களுக்குத் திண்ணையும் தோட்டமுமாக அமைந்துவிட்டது. இந்நிலையில் உயிருள்ள ஒன்றைத் தொட்டு வளர்க்க வேண்டுமென்று குழந்தை கேட்பது இயல்பே. பெற்றோரும் அதற்கு மகிழ்ந்து இடங்கொடுக்கின்றனர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது இவ்விருப்பம் பல வீடுகளில் புத்துயிர் பெற்றது. சிலர் சன்னலோரத்தில் கீரை விதைத்தனர். சிலர் தையல் பழகினர். சிலர் தூரிகை பிடித்தனர். அமெரிக்காவில் அவ்வாண்டின் இளவேனிலில் வீட்டில் வளர்க்கக் கோழிக்குஞ்சு கேட்டோர் பெருகியதால், குஞ்சு பொரிப்பகங்கள் பலவற்றில் இருப்பே தீர்ந்துபோயிற்று. அந்நாட்டுக்கு இது புதிதன்று. முதல் உலகப் போரின்போது, புறக்கடையில் கோழி வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசே சுவரொட்டி அச்சிட்டுப் பரப்பியது. இடுக்கண் வரும் காலத்தில் மனிதனின் மனம் மண்ணையும் உயிரையும் நாடுகிறது போலும்!

நம் தெருக்களில் இவ்விருப்பத்தைக் கூடையில் சுமந்து விற்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எனச் சாயம் ஏற்றப்பட்ட கோழிக்குஞ்சுகள் கீச்சிடுவதைக் கேட்ட குழந்தை அவ்விடம் விட்டு நகருமோ? சில்லறை கைமாறுகிறது, குஞ்சு காகிதப் பையில் வீடு சேர்கிறது. இரண்டொரு நாளில் அது தலை தொங்கிக் கிடக்கிறது. 'இது இப்படித்தான், வேறொன்று வாங்கித் தருகிறேன்' என்கிறோம். அந்தச் சொல்லில் நாம் குழந்தைக்கு எதைக் கற்பிக்கிறோம் என்பதே இங்கு எண்ணத்தக்கது.

குஞ்சு எங்கிருந்து வருகிறது?

முட்டைக்கென வளர்க்கப்படும் கோழியினம் வேறு. இறைச்சிக்கென வளர்க்கப்படும் இனம் வேறு. முட்டையினத்துப் பெட்டை ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடும். இறைச்சியினத்துக் குஞ்சோ ஆறு வாரத்தில் இரண்டு கிலோ அளவுக்குப் பருத்துவிடும். முட்டையினத்தில் பிறக்கும் சேவற்குஞ்சு முட்டை இடாது; விரைந்து பருப்பதும் இல்லை. ஆகவே பண்ணைக் கணக்கில் அது செலவே அன்றி வரவன்று. பொரித்த அன்றே ஆணும் பெண்ணும் பிரிக்கப்படுகின்றன. ஆண் குஞ்சுகளில் பெரும்பாலானவை அப்போதே அழிக்கப்படுகின்றன. எஞ்சியவை அடிமாட்டு விலைக்குத் தள்ளப்படுகின்றன. சாயமேறித் தெருவுக்கு வருபவை பெரும்பாலும் இவையே. செருமனி நாடு 2022ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் இவ்வாறு குஞ்சுகளை அழிப்பதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. கரு முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று அறியும் கருவிகள் அங்கே வழக்கிற்கு வந்துள்ளன.

பொரிப்பதற்குச் சற்றுமுன் முட்டையின் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். ஆதலால்தான் ஒரு நாள் குஞ்சுகளைத் தீனியின்றியே நெடுந்தொலைவு அனுப்ப முடிகிறது. வாங்கிய குஞ்சு முதல் நாள் துள்ளி ஓடுவதும், பின்னர்ச் சோர்ந்து விழுவதும் இதனால் நேர்வன. கட்டுச்சோறு தீருமுன் வெப்பமும் நீரும் தீனியும் கிட்டாவிடில் அது பிழைக்க வழியில்லை. 'இது இப்படித்தான்' என்பது விதியன்று, நம் கவனக்குறைவேயாகும்.

கோழியும் நம்மவரும்

கோழியைத் தமிழர் விளையாட்டுப் பொருளாக எண்ணியதில்லை. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயருண்டு. யானையை எதிர்த்து வென்ற சேவலின் பெருமையால் வந்த பெயர் அது என்பர். போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் எடுத்த நம் முன்னோர், விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கும் நடுகல் எடுத்தனர். அது பழைய எழுத்துப் பொறிப்புடன் இன்றும் பேசப்படுகிறது. செட்டா நகரில் படியேறிச் சென்று முருகனைத் தொழும் செம்பூர் அன்பர்களுக்கு அவன் சேவற்கொடியோன் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

கோழி மனிதனோடு சேர்ந்த கதையும் சுவையானது. தென்கிழக்காசியக் காடுகளில் திரிந்த செந்நிறக் காட்டுக்கோழி, நெல்லும் தினையும் போன்ற கூலங்கள் விளையத் தொடங்கியபோது அவற்றைக் கொறிக்க மனிதன் குடியிருப்பை அண்டி வந்தது; அப்படியே வீட்டுப் பறவையாயிற்று என 2022இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியும் இவ்வினத்திற்கு ஒரு கொடை அளித்துள்ளது. வீட்டுக் கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோல் அதனிடமிருந்து வந்ததே என்பதை 2008இல் மரபணு வல்லுநர் கண்டனர்.

ஊரில் நம் பாட்டிமார் வளர்த்த முறையை நினைத்துப் பாருங்கள். அடைக்கோழி 21 நாள் முட்டை மேல் அமரும். குஞ்சு பொரித்ததும் தாயும் பிள்ளைகளும் பஞ்சாரத்திற்குள் வைக்கப்படும். குருணையும் கம்பும் தூவுவார்கள். சாணமும் ஓலைச் சருகும் அடைத்த பானையை மாலையில் தரையில் கவிழ்த்து வைத்தால், காலையில் அதில் கறையான் மொய்த்திருக்கும்; அது குஞ்சுகளுக்கு விருந்து. இங்கு வெப்பம் தந்தது தாயின் இறகு. காவல் புரிந்தது தாயின் அலகு. கூடைக் குஞ்சுக்கோ தாயில்லை. அதை வாங்குபவர் தாயின் வேலையை ஏற்கிறார். இதை மறவாதிருத்தலே குஞ்சு வளர்ப்பின் முதற்பாடம்.

வளர்க்கும் முறை

தரைத்தளத்தில் குடியிருந்து, வெயில் படும் சிறு முற்றமோ புறக்கடையோ உடையவர், அண்டை அயலாரின் இசைவையும் வீட்டுச் சங்கத்தின் இசைவையும் பெற்று வளர்க்கலாம். வளர்க்க விரும்புவோர் கூடைக்காரனை நாடாமல், நோய்த்தடுப்பு செய்யப்பட்ட நாட்டின மேம்பாட்டுக் குஞ்சுகளைப் பெறுதல் நலம். ஐதராபாத்தில் உருவான வனராசா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் புறக்கடைக்கென்றே அமைந்தவை. நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். இவை அதனினும் மிகுதியாக இடுவன. கோரேகாவ் ஆரே பால் குடியிருப்பில் அமைந்த மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிலையம் இத்துறையில் நெடுங்காலம் பணி செய்து வந்துள்ளது. ஒற்றைக் குஞ்சு வாங்கலாகாது. கோழி கூட்டமாக வாழும் பறவை. மூன்று நான்கேனும் இருத்தல் வேண்டும்.

முதல் வாரத்தில் குஞ்சுக்கு 95 பாரன்ஹீட் வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு 5 பாகையாகக் குறைத்து வரலாம். அட்டைப் பெட்டியில் ஒரு மூலையின் மேலே பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். இன்று வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கு ஒளி தருமே தவிர வெப்பம் தராது. இது பலர் கவனிக்கத் தவறும் செய்தி. வெப்பமானி இல்லையாயினும் குஞ்சுகளே உண்மையைச் சொல்லிவிடும். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர். விலகி நின்று அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் வெக்கை. பெட்டியெங்கும் பரவி மேய்ந்தால் அளவு சரி.

பெட்டியின் அடியில் உமியோ மரத்தூளோ பரப்ப வேண்டும். வழவழப்பான தாளில் நின்றால் குஞ்சின் கால்கள் அகன்று முடமாகும். நீர்த்தட்டு ஆழமற்றதாக இருக்க வேண்டும். அதில் சில கூழாங்கற்களை இட்டால் குஞ்சு மூழ்காது. வெறும் அரிசி மட்டும் கொடுத்தால் வளர்ச்சி குன்றும். கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனமே முதல் எட்டு வாரத்திற்கு ஏற்றது. சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மும்பை மழையில் உமி ஈரமாகும். ஈரமே இரத்தக் கழிச்சல் நோய்க்கு வாயில். ஆதலால் நனைந்த உமியை அன்றன்றே மாற்றுக. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து இடுவதுண்டு. இதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்க. பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் விலங்கு மருத்துவமனையை நம்மவர் பலரும் அறிவர். பெருச்சாளியும் பூனையும் நகரத்துப் பருந்துகள். இரவில் நெருங்கிய கம்பிவலைக் கூடு இன்றியமையாதது.

மனிதர் நலமும் கருதத்தக்கது. குஞ்சைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தை உணவைத் தொடலாகாது. குஞ்சை முத்தமிடலும் ஆகாது. இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதல் 2006இல் நம் மகாராட்டிர மாநிலத்து நவாப்பூரில்தான் தோன்றியது. 2021இலும் இம்மாநிலத்தில் தலைகாட்டிற்று. பறவைகள் திடீரென ஒன்றன்பின் ஒன்றாக இறந்தால் மறைக்காமல் அரசுக் கால்நடைத் துறைக்கு அறிவித்தல் குடிமகனின் கடமை.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். குஞ்சு சேவலாக வளர்ந்தால் விடியுமுன் கூவும். சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பில் இரவுப் பணி முடிந்து உறங்குவோர் அதைப் பொறுப்பரோ? அப்போது அச்சேவலை எங்கே அனுப்புவது? ஊரிலுள்ள உறவினர் வீட்டுக்கா, வேறெங்குமா? 'நம் சேவல் எங்கே?' என்று குழந்தை கேட்கும் நாளில் பொய் சொல்ல நேராதபடி, வாங்கும் நாளிலேயே விடையை எண்ணிக்கொள்ளுதல் நேர்மை.

ஒன்றிலிருந்து பல

முறையாக வளர்ப்பவர்க்கு இந்த ஒரு பழக்கம் பல கலைகளுக்கு வழிகாட்டும். கூடு செய்ய முயல்பவர் தச்சு பழகுகிறார். பழைய உமியும் எச்சமும் மட்கினால் கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் நல்ல எருவாகும். அங்கே தோட்டக்கலை பிறக்கிறது. வாரந்தோறும் குஞ்சை நிறுத்து, எடையையும் இறகு முளைப்பையும் ஒரு குறிப்பேட்டில் எழுதும் சிறுவன், தன்னை அறியாமலே அறிவியல் பயில்கிறான். அக்குறிப்பேட்டின் ஓரத்தில் படம் வரைந்தால் ஓவியமும் உடன் வரும்.

இது மிகைக்கூற்றன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த தக்ளசு சுபால்டிங் என்பார், முட்டையினின்று வெளிவந்த குஞ்சுகளின் கண்களை மறைத்து வைத்துப் பின் திறந்து, அவை முதலில் காணும் அசையும் பொருளையே தாயென்று கருதிப் பின்தொடர்வதைக் கண்டு 1873இல் எழுதினார். வாத்தினத்தில் இதே இயல்பை விரிவாக ஆராய்ந்த கொன்றாடு உலோரன்சு 1973இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஒரு குஞ்சு ஏன் நம் பின்னே ஓடி வருகிறது என்னும் எளிய கேள்வி, இவ்வளவு தொலைவு செல்லக்கூடியது.

முற்றம் இல்லாதவர்க்கு

நம்மவரில் பெரும்பாலோர்க்கு ஓர் அறையே வீடு. பத்துக்குப் பத்தடி அறையில் அடுப்பும் பாயும் பாடப்புத்தகமும் இருக்கும் இடத்தில் குஞ்சுக்கு இடமேது? அவர்கள் வாங்காதிருப்பதே அன்பு. வாங்குவோர் இல்லையேல் கூடையும் வாராது. ஏனெனில் நாம் இரக்கத்தால் கொடுக்கும் சில்லறையே அடுத்த கூடைக்கு முதலாகிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதரல்லாத எவ்வுயிரையும் காக்க இயற்றப்பட்டது; சாயக் குஞ்சும் அதற்குப் புறம்பானதன்று.

வாங்காமலே உயிர்களோடு பழக வழியுண்டு. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் மகாராட்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் நகரின் குப்பைமேடாக இருந்த அவ்விடத்தில் மரங்களை நட்டு 1994இல் பூங்காவாகத் திறந்தனர். ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புள்ள அக்காட்டில் பறவைகளைக் காணலாம். மும்பையில் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது தான் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்தார். அதன் பெயரை அறியும் பொருட்டு, 1883இல் தோன்றிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலை மிதித்தார். கொல்வதில் தொடங்கி அறிவதில் முடிந்த அந்த ஆர்வமே இந்தியப் பறவையியலுக்கு அடித்தளமாயிற்று. நம் பிள்ளைகள் அறிவதிலேயே தொடங்கலாமன்றோ?

கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்திற்கோ செல்லும்போது, தாத்தா வீட்டு அடைக்கோழியின் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். 21 நாளை நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். ஓடு விரியும் காலையில் அவன் காணும் காட்சி எந்தத் திரையிலும் கிட்டாது. நம் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, திரும்பியதும் கண்டதை எழுதப் பணித்து, நல்லவற்றை இவ்விதழில் வெளியிடலாம்.

பொழுதுபோக்கு என்பது நம் பொழுதுக்காக மட்டும் உள்ளது. உயிரோ தன் பொழுதைத் தானும் வாழ வந்தது. முற்றம் உடையோர் முறையறிந்து வளர்ப்பாராக. இல்லாதோர் கண்ணாரக் கண்டு மகிழ்வாராக. கூடைக்காரனின் குரல் கேட்டுக் குழந்தை கையைப் பற்றி இழுக்கும்போது, சில்லறையை எடுக்குமுன் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் பெற்றோர் கடன்.