பனிக்கால அறையில் மலரும் அசகாவோ

ஜப்பானில் ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளிற் பெரும்பாலோர் தம் கையாலேயே விதை ஊன்றி, நீர் வார்த்து, கொழுகொம்பு நட்டு வளர்க்கும் முதற்செடி அசகாவோ என்னும் கொடியாகும். தாவர சாஸ்திரிகள் ஐபோமியா நில் என்று பெயரிட்டிருக்கும் இக்கொடி, நம் கடற்கரை மணலில் படரும் அடம்புக்கும், நாம் வேகவைத்து உண்ணும் சர்க்கரைவள்ளிக்கும் நெருங்கிய உறவுடையது. வேனிற்காலத்து விடியலில் புனல் வடிவான பூவை விரித்து, வெயில் ஏறியதும் அதைச் சுருக்கிக்கொள்ளும் சுபாவமுடையது. பள்ளிச் சிறுவர் வளர்க்கும் அந்தச் சாதாரண அசகாவோவைப் பற்றியதன்று இக்கட்டுரை. அதே இனத்தில் பிறந்தும் இலை, தண்டு, இதழ் ஆகிய யாவும் உருமாறி, இது பூவா இறகா என்று கண்டோர் மயங்கும் வண்ணம் மலர்கின்ற அபூர்வ வகைகளும், அவற்றைக் கடுங்குளிர் காலத்தில் வீட்டுக்குள்ளேயே வளர்த்து வம்சம் காக்கும் முறையுமே நாம் இங்கே காணவிருப்பவை.

நாரா நகரம் தலைநகராயிருந்த எட்டாம் நூற்றாண்டையொட்டிச் சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்தபோது, அசகாவோ அழகுக்காக வரவில்லை. அதன் விதை கடுமையான பேதி மருந்து என்பதற்காகவே வந்தது. பிற்காலத்தில், அன்று எடோ என்று வழங்கிய இன்றைய டோக்கியோவில், 1806-ஆம் ஆண்டுப் பெருந்தீ பல தெருக்களை அழித்துச் சென்ற பின்னர், ஷிதாயாப் பகுதியில் வெறுமையாய்க் கிடந்த மனைகளில் தோட்டக்காரர்கள் இக்கொடியைப் பயிரிட்டு விதவிதமான பூக்களைப் பெற்றனர் என்பது அந்நகரத்தார் சொல்லிவரும் வரலாறு. 1804 முதல் 1830 வரை ஒரு முறையும், 1848 முதல் 1860 வரை மறுமுறையும், எடோ நகரத்து வீரர்களும் வணிகர்களும் துறவிகளும் விசித்திர அசகாவோவின்மேல் மோகங்கொண்டு, ஒருவரையொருவர் விஞ்சப் புதுமைகளைத் தேடினர். போட்டிகள் நடந்தன, வண்ணச் சித்திரங்களோடு கூடிய புத்தகங்கள் அச்சேறின. 1854-இல் வெளிவந்த 'அசகாவோ சஞ்சூரொக்காசென்' என்னும் நூல் அத்தகைய முப்பத்தாறு பூக்களின் உருவங்களை இன்றும் நம் கண்முன் நிறுத்துகிறது.

ஹென்கா அசகாவோ என்று ஜப்பானியர் அழைக்கும் இவ்வுருமாறிய வகைகளில், இலையும் இதழும் நூலைப்போல் ஒடுங்கியது 'யானகி', அதாவது அலரி. இலைகள் சுருண்டு, பூவிதழ்கள் குழல்களாகப் பிரிந்து நுனி மடங்கி நிற்பது 'ஷிஷி', அதாவது சிங்கம். மகரந்தக் கேசரங்களும் இதழாக மாறி அடுக்கடுக்காய்ச் செறிவது 'போத்தான்' என்னும் பியோனி மலரின் பெயர் பெற்றது. மேல்நோக்கிச் சுற்றிப் படரும் கொடியின் இயற்கையை அறவே மறந்து தரையை நோக்கித் தொங்கும் ஒரு வகையும் உண்டு. புவியீர்ப்பை உணரும் செல் அடுக்கு அதன் தண்டில் சரிவர அமையாததே அதற்குக் காரணம் என்றும், அவ்வுணர்ச்சி இல்லாவிடில் கொடியால் கொம்பைச் சுற்றவும் இயலாது என்றும் 2005-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் நிரூபித்தனர். நிறத்திலும் விசித்திரங்கள் பல. கபுகி நாடக மேடையில் தலைமுறை தலைமுறையாகப் புகழ்பெற்ற இச்சிகாவா தஞ்சூரோ என்னும் நடிக வம்சத்தாரின் உடை நிறத்தை நினைவூட்டும் பழுப்புப் பூவுக்குத் 'தஞ்சூரோ' என்றே பெயர் வழங்குகிறது.

ஒரே கொடியினத்தில் இத்தனை மாற்றங்கள் தோன்றுவதற்குக் காரணம், அதன் மரபுப் பொருளுக்குள்ளே இடம்விட்டு இடம் தாவும் இயல்புடைய துணுக்குகள் ஏராளமாக இருப்பதேயாகும். அத்தகைய துணுக்கு ஒன்று இதழுக்கு நிறமூட்டும் மரபணுவின் நடுவே போய் அமர்ந்தால் பூ வெளுக்கிறது. பூ வளரும்போதே அது மீண்டும் வெளியேறிவிட்டால், வெளியேறிய இடத்தில் மட்டும் நிறம் திரும்பி, வெண்மையின்மேல் புள்ளியும் கோடுமாகத் தெறிக்கிறது. இலையின் வடிவை ஆளும் மரபணுவில் அமர்ந்தால் இலை மாறுகிறது. 2016-இல் இக்கொடியின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் வாசித்து வெளியிட்ட பின்னர் இவ்விஷயம் மேலும் துலக்கமாயிற்று.

இங்கே ஒரு பெரிய சங்கடம் எழுகிறது. போத்தான் வகையில் கேசரங்களும் சூலகமுமே தம் தொழிலை இழந்து உருமாறிவிடுவதால், எவ்வளவு அழகாகப் பூத்தாலும் அந்தச் செடி விதை தருவதில்லை; தன் அழகைத் தன்னோடே முடித்துக்கொள்கிறது. சந்ததியற்ற இச்செடிகளைத் 'தெமோனோ' என்றும், விதையால் தன் உருவைத் தவறாமல் வழங்கவல்ல வகைகளை 'மசாகி' என்றும் வளர்ப்போர் பிரித்துச் சொல்வர். அப்படியானால் தெமோனோ ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது? அதே காயில் பிறந்த உடன்பிறப்புகளிடமிருந்து வருகிறது. பார்வைக்கு எவ்வித விசேஷமும் இல்லாமல் வளர்ந்து, எளிய பூப் பூத்து, விதை தரும் அச்செடிகளுள் சில, விசித்திரக் குணத்தை மறைவாகச் சுமந்து நிற்கின்றன. அவற்றுக்கு 'ஒயாகி', அதாவது தாய்ச்செடி, என்று பெயர். ஒயாகியின் விதைகளை ஊன்றினால், ஒரு குணத்தை மட்டும் அது சுமந்திருக்குமாயின் நான்கில் ஒன்றும், இரண்டு குணங்களைச் சுமந்திருக்குமாயின் பதினாறில் ஒன்றும், மூன்றாயின் அறுபத்து நான்கில் ஒன்றும் விசித்திரச் செடியாக முளைக்கும். மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 1866-இல் அச்சிடுவதற்கு முன்பே, எடோ நகரத்துத் தோட்டக்காரர்கள் அனுபவத்தால் இம்முறையைக் கையாண்டு விதைகளைக் காத்துவந்தனர் என்பது நாம் வியந்து போற்றத்தக்கது.

குளிர்கால வளர்ப்பின் பிரயோஜனமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு குணத்தை மட்டும் கணக்கிட்டால், பார்வைக்குச் சாதாரணமாய்த் தோன்றும் உடன்பிறப்புகள் மூன்றில் இரண்டு ஒயாகி; ஒன்று வெறுஞ்செடி. மூன்றும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றின் பிள்ளைகளை முளைக்கச் செய்து பார்த்தாலன்றி எது எதுவெனத் தெரியாது. ஜப்பானில் வழக்கமாக விதைக்கும் காலம் மே மாதத்தையொட்டியது. அதுவரை காத்திருந்து, தோட்டத்தில் உள்ள கொஞ்ச இடத்தில் வெறுஞ்செடியின் விதைகளை ஊன்றிவிட்டால் ஓராண்டே வீணாகிவிடும். பனிபெய்யும் மாதங்களில் வீட்டினுள் ஒரு விளக்குத் தட்டின்கீழ், ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனித் தட்டில் சிறிதளவு முளைக்கவைத்து ஆராய்ந்தால், வசந்தத்தில் எதை விதைப்பது என்னும் ஐயம் நீங்கிவிடும். இலைமாற்றங்களை அறியப் பூக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை, விதையிலைகளே சொல்லிவிடும். இதழ் அடுக்கும் குணத்தை மட்டும் பூத்த பிறகே அறியலாம்.

பூக்கவைப்பதற்கோ குளிர்காலம் அனுகூலமான பருவமே. அசகாவோ குறும்பகற் செடி. அதாவது பகலின் நீளத்தைவிட இரவின் நீளத்தையே அது கணக்கிடுகிறது. இடையீடின்றி ஏறத்தாழ ஒன்பது பத்து மணி நேரத்துக்கு மேல் இருள் நீடித்தால் அதன் தளிர்கள் மொட்டாக மாறுகின்றன. ஆராய்ச்சிச்சாலைகளில் பெரிதும் பயன்படும் 'வயலட்' என்னும் வகையில், விதையிலை மட்டுமே விரிந்த நாற்றுக்குப் பதினாறு மணி நேர இருள் ஒரே ஓர் இரவு வாய்த்தாலும் போதும், அது பூக்க ஆயத்தமாகிவிடுகிறது; அந்த இருளின் நடுவே சில நிமிஷங்கள் செவ்வொளி பட்டால் ஆயத்தம் கலைந்துபோகிறது. தெருவிளக்கின் அருகே வைத்த தொட்டி இலையாகவே தழைத்துப் பூவின்றி நிற்பதன் ரகசியம் இதுவே. டிசம்பர் மாதத்து டோக்கியோவில் பகல் பத்து மணி நேரத்தையும் எட்டுவதில்லை ஆதலால், விளக்கில்லாமல் ஜன்னலோரம் வைத்த நாற்று, நாலைந்து இலை விடுவதற்குள் மொட்டரும்பி, சாண் உயரத்திலேயே பூத்து நின்றுவிடும். கொடி நீண்டு வளரவேண்டுமென்று விரும்புவோர் நாள்தோறும் பதினாறு மணி நேரமாவது விளக்கெரித்து, போதிய வளர்ச்சி கண்டபின் ஒளியைப் பத்து மணி நேரமாகக் குறைத்தால், மொட்டுகள் தாமே தோன்றும்.

செய்முறையைச் சற்றே விரிவாகக் காண்போம். விதைத்தோல் கெட்டியானது; நீரை எளிதில் உள்ளே விடாது. விதையைத் தாய்க்காயோடு இணைத்திருந்த தழும்பு இருக்கும் முனையைத் தொடாமல், அதற்கு எதிர்ப்புறத்து முதுகில் மட்டும் அரத்தாலோ நகவெட்டியாலோ தோலைச் சிறிது கிள்ளி, ஓர் இரவு நீரில் ஊறவிட வேண்டும். காலையில் பருத்திருக்கும் விதைகளை, நீர் தேங்காத மண்கலவையில் விரற்கடை ஆழத்தில் ஊன்றி, இருபத்தைந்து பாகை வெப்பத்தில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். குளிர்காலத்தில் பலருக்கும் தோல்வி நேர்வது ஒளிக்குறைவால் மட்டுமன்று. தொட்டியின் அடி குளிர்ந்துபோவதாலும் நேர்கிறது. அறையின் காற்று வெதுவெதுப்பாயிருந்தும், கண்ணாடி ஜன்னலையொட்டிய பலகையில் வேர் குளிர்ந்து, இளநாற்றின் இலை வெளுத்துத் தேங்கி நிற்கும். ஆகவே தட்டை ஜன்னலை விட்டு நகர்த்தி, அடியில் மிதமான சூட்டுக்கு வழி செய்து, விளக்கை நாற்றின் தலைக்குச் சிறிது உயரத்தில் தொங்கவிடுவதே உசிதம்.

முளை தலைநீட்டும் நாளே வளர்ப்போருக்கு மகிழ்ச்சியான நாள். சாதாரண அசகாவோவின் விதையிலைகள் நுனி பிளந்து, சிறகு விரித்த பட்டாம்பூச்சியைப்போல் அகன்றிருக்கும். அவற்றிடையே ஒரு நாற்றின் விதையிலை ஒடுங்கி நீண்டிருந்தால் அது அலரி. ஓரங்கள் உட்சுருண்டு கிண்ணம்போல் குழிந்திருந்தால் அது சிங்கம். கூர்ந்து நோக்கும் பழக்கமுடையவர் அப்பொழுதே விசித்திர நாற்றுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மற்றவற்றுள் எத்தனையை ஒயாகிக்காக வைத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிடுவார். எண்ணிக்கை தெரியாவிட்டால் கணக்கும் பொய்க்கும்; ஆதலின் எத்தனை விதை ஊன்றினோம், எத்தனை முளைத்தன, எத்தனை உருமாறின என்பனவற்றைத் தட்டின் ஓரத்திலேயே எழுதிவைத்தல் அவசியம்.

மொட்டு முதிர்ந்தபின் அது மலரும் வேளையையும் நாமே நிர்ணயிக்கலாம். இருள் தொடங்கிச் சுமார் பத்து மணி நேரம் கழித்துப் பூ விரியுமாதலால், இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்தால் காலை ஆறு மணியையொட்டி மலரைக் காணலாம். கோடையில் முற்பகலுக்குள் வாடும் பூ, குளிர்ந்த அறையில் பிற்பகல் வரையிலும் நிலைப்பதுண்டு. மலரும் தறுவாயில் ஐந்து கேசரங்களும் நீண்டு சூல்முடியை உரசிச் செல்வதால், வண்டின் உதவி இல்லாமலே கருத்தரிப்பு நிகழ்ந்துவிடும். வேறொரு செடியோடு கலப்பு செய்ய விரும்புவோர், முந்தின நாள் மாலையிலேயே மொட்டைப் பக்கவாட்டில் மெல்லக் கீறி, ஐந்து கேசரங்களையும் இடுக்கியால் நீக்கிவிட்டு, மறுநாள் காலையில் அயற்செடியின் மகரந்தத்தைத் தடவவேண்டும். மூன்று அறைகளுள்ள காயில், யாவும் நன்கு தேறினால் ஆறு விதைகள் கிடைக்கும்.

கணப்பால் உலர்ந்த அறைக் காற்றில் செஞ்சிலந்தி பெருகுமென்பதால், இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி திருப்பிப் பார்த்து நீரால் கழுவுதல் வேண்டும். அசுவினியும் வெள்ளை ஈயும் வந்தால் தொடக்கத்திலேயே அகற்றவேண்டும். காய் பழுப்பேறி உலர்ந்ததும் பறித்து, ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி உறையில் இட்டு, பெயரும் ஆண்டும் குறித்து, ஈரமின்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். விதை நச்சுத்தன்மை உடையது ஆகையால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது கட்டாயம்.

இத்தனை சிரத்தை எதற்கு என்று கேட்போர்க்கு இம்மலரின் சரித்திரமே விடையாகும். டோக்கியோவின் இரியாப் பகுதியில் புகழ்பெற்று விளங்கிய அசகாவோச் சந்தை 1913-இல் நின்றுபோய், 1948-இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. இன்று அது ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 8 வரை நடைபெறுகிறது. எடோக் காலத்துப் புத்தகச் சித்திரங்களில் காணும் உருவங்கள் சில, அவற்றைச் சுமந்த தாய்ச்செடி தவறியதால் திரும்ப வராமலே மறைந்தன. எஞ்சியவை, தனிப்பட்ட ரசிகர்கள் வீட்டில் காத்த விதைகளாலும், மிஷிமாவிலுள்ள தேசிய மரபியல் கழகத்தில் திரட்டப்பட்டுப் பின்னர் ஃபுகுவோகாவிலுள்ள கியூஷூ பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் பாதுகாக்கப்படும் விதைகளாலுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன. காண்போர் புகழ்வது தெமோனோவை. காப்பாற்றப்பட வேண்டியதோ ஒயாகி. ஆகவே குளிர்தேசத்தில் வாழும் நம்மவருள் எவரேனும் இக்கலையில் இறங்க விரும்பினால், விதையால் தன் உருவை மாறாமல் தரும் மசாகி வகையொன்றில் கை பழகி, பின்னர் ஒயாகி விதைகளைப் பெற்று வளர்ப்பாராக. கிடைக்கும் விதையில் ஒரு பங்கை மற்றொரு வளர்ப்பாளரிடமும் ஒப்படைப்பாராக. ஒரே வீட்டில் மட்டும் இருக்கும் வம்சம் ஒரு பருவத்தின் தவறால் அழியக்கூடும். பல வீடுகளில் இருப்பது அவ்வளவு எளிதில் அழியாது.