இடுப்பு வலியும் எட்டு மில்லிமீட்டர் துளையும்

கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் கொழுந்தைக் கைவிரலால்தான் கிள்ளினார்கள். இன்று சரிவு குறைந்த நிரைகளில் இரண்டு பேர் பிடிக்கும் வெட்டு இயந்திரம் ஓடுகிறது. செங்குத்தான இடங்களில் கத்தரி. கைவேலை மாறியதே தவிர, இடுப்பின் பாடு மாறவில்லை. கத்தரித் தட்டில் சேர்ந்த கொழுந்தை முதுகுக் கூடைக்குள் வீச, ஒவ்வொரு முறையும் உடம்பைத் திருக வேண்டும். குனிந்தபடி சுமப்பதும் திருகுவதும் சேர்ந்தால் டிஸ்க்குக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

வலி இடுப்பிலா, காலிலா?

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது டிஸ்க். அதன் வெளிவளையம் கிழிந்தால் உள்ளேயிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும். பெரும்பாலும் இது இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் நடக்கிறது. அப்போது வலி இடுப்போடு நிற்காது. பிட்டத்தில் தொடங்கி, தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை சுண்டி இழுக்கும். இருமினாலும் தும்மினாலும் கூடும். கால் மரத்துப்போகும். சிலருக்குப் போட்டிருக்கும் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாது.

இடுப்பில் மட்டும் வலி என்றால் அது பெரும்பாலும் தசைப்பிடிப்பு. அதற்கு எந்த அறுவையும் வேண்டாம்.

ஆறு வாரம் பொறுக்கலாம்

டிஸ்க் பிதுங்கியவர்களில் பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அறுவை இல்லாமலே தேறிவிடுகிறார்கள். பிதுங்கிய கூழை உடம்பே கரைத்துவிடுவதும் உண்டு. வலி மாத்திரை, பிசியோதெரபி, மெதுவான நடை போதும். கோடாலித் தைலம் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிக்கவிடாதீர்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பதும் நல்லதல்ல.

துளை வழியே

அப்படியும் தேறாதவர்களுக்குத்தான் அறுவை. 1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், கால் வலிக்குப் பிதுங்கிய டிஸ்க்கே காரணம் என்று காட்டி, அதை அகற்றும் அறுவையையும் விவரித்தார்கள். அன்று முதுகை நீளமாகக் கீறித்தான் உள்ளே போக முடிந்தது. 1970களில் நுண்ணோக்கி வந்து கீறலைச் சுருக்கியது. கேமரா பொருத்திய மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்புக்கு எட்டு மில்லிமீட்டர் துளையே போதும். நரம்புக்குப் பக்கத்தில் ‘கேம்பின் முக்கோணம்’ எனப்படும் பாதுகாப்பான இடைவெளி ஒன்று உண்டு. விலாப்பக்கமாகப் போகும் குழாய் அதன் வழியே நுழையும். எக்ஸ்ரே பார்த்து வழி பிடித்து, உள்ளே உப்புநீர் பாய்ச்சி, திரையைப் பார்த்தபடி பிதுங்கிய துண்டைச் சிறு இடுக்கியால் பிடித்து இழுப்பார்கள். உரித்த நண்டுச் சதைபோல வெள்ளையாக வரும் அது. பக்கவாட்டு வழியில் பலருக்கு அந்த இடத்தை மரக்கச் செய்தாலே போதும். நரம்பில் பட்டால் நோயாளியே சொல்லிவிடுவார்.

தசையை அதிகம் அறுக்காததால் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். விளம்பரங்கள் இந்த ஒன்றைத்தான் உரக்கச் சொல்கின்றன. நெதர்லாந்தில் 613 பேரிடம் நடந்து, 2022இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்துக் கால் வலி குறைவதில் எண்டோஸ்கோப் வழக்கமான திறந்த அறுவைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. அதற்காக, துளை அறுவைக்கு வசதி இல்லாத மருத்துவமனையில் திறந்த அறுவை செய்துகொண்டவர் ஏமாந்துவிடவில்லை. எலும்பு நழுவியிருந்தாலோ நரம்புப் பாதை மிகவும் குறுகியிருந்தாலோ துளை அறுவை பொருந்தாமலும் போகலாம்.

மீண்டும் மலையேறுமுன்

தோலில் காயம் சிறிது என்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று எண்ணிக் கூடையைத் தூக்குபவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள். கிழிந்த வளையம் மூட வாரக்கணக்கில் ஆகும். அறுவை செய்தவர்களில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குகிறது. எப்போது சுமை தூக்கலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கொடுங்கள். வேலையில் அடிபட்டு வந்த வலி என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் உடனே பதியுங்கள்.

காத்திருக்கக் கூடாதது

சிறுநீர் கழிக்க முடியவில்லை, மலம் அடங்கவில்லை, பிட்டமும் தொடை இடுக்கும் மரத்துவிட்டன, அல்லது பாதத்தைத் தூக்கவே முடியவில்லை என்றால் ஆறு வாரக் கணக்கு செல்லாது. விடியட்டும் என்று லயத்தில் படுத்திருக்காமல், அந்த இரவிலேயே தானா ராத்தா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.