இத்தாலியரின் இன்சொற்கள்

தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் 1680-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர் என்பதை நாம் அறிவோம். அந்நாட்டுத் தாய்மார்கள் தம் குழந்தைகளை எவ்வாறு கொஞ்சுகின்றனர்?

'தெசோரோ' என்பர், செல்வம் என்பது அதன் பொருள். இன்னும் செல்லமாக அழைக்க விரும்பினால் அது 'தெசோரீனோ' ஆகும். நாம் 'குட்டி' சேர்த்துச் 'செல்லக்குட்டி' என்பதில்லையா? அது போன்றதே இது.

'காரோ' என்னும் சொல்லே மிகச் சுவையானது. அன்பிற்குரியவன், விலை மிகுந்தது என அதற்கு இரு பொருளுண்டு. மகனையும் அவ்வாறு அழைப்பர். சந்தையில் முட்டைக்கோசு விலையேறினாலும் அச்சொல்லே! மகளாயின் 'காரா'. தமிழில் 'அருமை' என்பதும் எளிதிற் கிட்டாமையைக் குறிக்கும். 'அருமை மகனே' என அன்பையும் உணர்த்தும். மலாய் மொழியின் 'சாயாங்' அன்பையும், 'வீணாயிற்றே' என்னும் வருத்தத்தையும் ஒருங்கே சுட்டும்.

ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை முறைப்படுத்தித் தருவது, வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதியின் முதற்பகுதி.

விடியற்பனியில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுக் கொழுந்தெடுக்கச் சென்ற நம் பாட்டிமாரோ, எந்த அகராதியையும் புரட்டாமலே 'கண்ணு', 'ராசா', 'தங்கம்' எனக் கொஞ்சினர். பாட்டி உள்ள வீட்டுப் பிள்ளைகள் அச்சொற்களைக் கேட்டு எழுதினால், இங்குக் கூறிய இத்தாலியச் சொற்களைவிடப் பட்டியல் நீளும்.