கணக்கில் வராதவர்களின் ‘கலாலூ’

1976 ஏப்ரலோடு சிகாகோவின் ‘பிளாக் வேர்ல்டு’ மாத இதழ் நின்றுபோனது. ஹாய்ட் ஃபுல்லர் ஆசிரியராக இருந்து வளர்த்த அந்த இதழ், அமெரிக்கக் கறுப்பினப் படைப்பாளிகளின் முக்கியமான மேடை. அது மூடப்பட்டதும், எழுதியதை எங்கே அனுப்புவது என்று பலர் திகைத்தார்கள். தென் மாநிலங்களில் இருந்தவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். பெரிய பதிப்பகங்களில் பெரும்பாலானவை நியூயார்க்கில் இருந்தன. தெற்கின் கறுப்பின எழுத்தை அவை அதிகம் திரும்பிப் பார்த்ததில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரிலிருந்து ‘கலாலூ’ முதல் இதழ் வந்தது. கரீபியத் தீவுகளில் கீரை போட்டுச் செய்யும் கெட்டிக் குழம்பின் பெயர் அது. தொடங்கியவர் சார்லஸ் ரோவெல், கறுப்பின மாணவர்களுக்காக உருவான சதர்ன் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர். நியூ ஆர்லியன்ஸ் கவிஞர் டாம் டென்ட்டும் மிசிசிப்பியைச் சேர்ந்த பேராசிரியர் ஜெர்ரி வார்டும் அவருக்குத் தோள்கொடுத்தார்கள். அமெரிக்கத் தெற்கின் கறுப்பின எழுத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அன்றைய நோக்கம்.

ரோவெல் வேலை மாறி ஊர் மாறியபோதெல்லாம் இதழும் கூடவே போனது. முதலில் கென்டக்கி, பிறகு வர்ஜீனியா, 2001இல் டெக்சாஸ். ரீட்டா டவ், யூசெஃப் கொமுன்யாகா, நடாஷா டிரெத்வே என்று புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர்கள் பலர் இதில் எழுதியிருக்கிறார்கள். 1997 முதல் இளம் படைப்பாளிகளுக்குப் பயிலரங்குகளும் நடந்தன.

மெல்ல மெல்ல இதழின் எல்லை விரிந்தது. அடிமைக் கப்பல்கள் ஆப்பிரிக்கர்களை இறக்கிவிட்ட கரைகளையெல்லாம் அது தேடிப் போனது. ஹைதிக்கு 1992இலும் பிரேசிலின் கறுப்பின இலக்கியத்துக்கு 1995இலும் சிறப்பிதழ்கள் வந்தன.

ஒரு கிராமத்தின் முகங்கள்

2004இல் வந்த ஒரு சிறப்பிதழ், மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்திலுள்ள கோயோலியோ என்ற சிறு கிராமத்துக்கு ஒதுக்கப்பட்டது. திருவிழா நாட்களில் மரத்தில் செதுக்கிய கொம்பு வைத்த முகமூடி அணிந்து ஆடும் ஊர் அது. அங்கே வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரைப் பற்றி அறிஞர்களை மட்டும் எழுத வைத்திருந்தால் அது வழக்கமான ஆய்விதழாகியிருக்கும். ‘கலாலூ’ ஊர்க்காரர்களையே பேச வைத்தது. அவர்கள் முகங்களைப் படமெடுத்துப் போட்டது. மெக்சிகோ அரசு தன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘நீங்கள் ஆப்பிரிக்க வம்சாவளியா?’ என்று கேட்டது 2020இல்தான். அந்தக் கணக்கெடுப்புக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே ஓர் இலக்கிய இதழ் அவர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. மறு ஆண்டே அந்த நகருக்கென்று ஒரு சிறப்பிதழ் வந்தது. கவிதை, கட்டுரைகளோடு, வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்களின் நேர்காணல்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.

தேர்ந்த கவிதையும் சாமானியரின் வாக்குமூலமும் ஒரே அட்டைக்குள் சமமாக அமர முடியும் என்று காட்டியதே இந்த இதழின் பெரிய சாதனை. அந்தச் சாமானியரின் நினைவு எழுத்தில் ஏறாமல் போனால், அவர்கள் வரலாற்றை நாளை மற்றவர்கள்தான் எழுதுவார்கள். லாபக் கணக்கு பார்த்து இந்த வேலையைச் செய்ய முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர் நாற்காலியில் இருந்த ரோவெலின் பிடிவாதமும், ஒவ்வொரு கட்டத்திலும் இடம்கொடுத்த பல்கலைக்கழகங்களும் சேர்ந்துதான் இதைச் சாத்தியமாக்கின. இலக்கிய இதழ்களைத் தாங்குவது பல்கலைக்கழகங்களின் கடமைகளில் ஒன்று.