முகாம் பிள்ளைகள் கெட்டவர்களா? – ஒரு சமூகவியல் நோக்கு

இடம்பெயர்ந்த குடும்பங்களுடன் கூடியிருக்கும் வேளைகளில் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. "ஊரில் இருக்கேக்க பிள்ளை சொல்வழி கேட்டவன், பாதர். இங்க வந்தபிறகு மதகடியே கதியெண்டு கிடக்கிறான்" என்று தாய்மார் கண்கலங்குவர். அயலூரவரோ, "எல்லாம் முகாம் பொடியளின்ர வேலை" என்று சொல்லிவிடுவர். தாய் தன் வளர்ப்பில் பிழை காண்கிறாள். அயலவர் பிள்ளையின் பிறப்பிலேயே பிழை காண்கின்றனர். இவ்விரு தீர்ப்புகளும் சரியானவையா என்பதைச் சமூகவியலின் துணையோடு ஆராய்வது பயனுள்ளதாகும்.

முதலில் இரு சொற்களை விளங்கிக்கொள்வோம். இளைஞர் தமக்கென உருவாக்கிக்கொள்ளும் உடை, பேச்சு, நட்பு, கட்டுப்பாடு ஆகியவற்றின் தொகுதி 'உபகலாசாரம்' எனப்படும். சமூகம் ஏற்றுக்கொண்ட ஒழுங்கிலிருந்து விலகி நடப்பது 'பிறழ்வு' எனப்படும். இவை இரண்டும் ஒன்றல்ல. தலைமயிரைப் புதுவிதமாக வெட்டிக்கொள்பவன் குற்றவாளி ஆகிவிடமாட்டான்.

சிக்காகோவுக்குச் சென்ற கமக்காரர்

19ம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் போலந்து நாட்டுக் கமக்காரர் பெருந்தொகையாக அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குச் சென்று, உருக்கு ஆலைகளிலும் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் கூலிகளாயினர். அவர்களைத் துரத்தியது வறுமை; நம்மைத் துரத்தியது யுத்தம். ஆயினும் மண்ணைவிட்டுப் பிரிந்த கமக்காரக் குடும்பத்துக்கு என்ன நேருகிறது என்பதை அவர்களது வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

தோமஸ், ஸ்னானியேக்கி என்னும் இரு ஆய்வாளர்கள் இக்குடும்பங்களின் கடிதங்களையெல்லாம் சேகரித்து, 1918 முதல் 1920 வரை ஐந்து பாகங்களாக நூல் வெளியிட்டனர். கிராமத்தில் பிள்ளையைப் பெற்றோர் மட்டும் வளர்க்கவில்லை. இனசனமும் அயலும் பங்குக் கோயிலும் சேர்ந்தே வளர்த்தன. தகப்பனின் சொல்லுக்குப் பின்னால் காணி நின்றது. நகரத்திலோ தகப்பன் நாட்கூலி. மகனோ புதிய மொழியை விரைவில் கற்று, தானே உழைக்கத் தொடங்கினான். பழைய கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. புதிய கட்டுப்பாடு இன்னும் வேரூன்றவில்லை. இந்த இடைக்காலத்தையே அவர்கள் 'சமூக ஒழுங்கின் தளர்வு' என்றனர். இத்தளர்வு முடிவன்று, பங்குகளும் பரஸ்பர உதவிச் சங்கங்களும் வாழ்வை மீளக் கட்டியெழுப்புகின்றன என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

பிறப்பா, இடமா?

அதே நகரில் கிளிஃபோர்ட் ஷோ, ஹென்றி மக்கே என்போர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தனர். தொழிற்சாலைகளையும் நகர மையத்தையும் அண்டிய வறிய பகுதிகளிலேயே அவை நெருங்கியிருந்தன. அப்பகுதிகளில் முன்பு ஜேர்மனியரும் அயர்லாந்தவரும், பின்னர் போலந்தவரும் இத்தாலியரும் குடியிருந்தனர். குடியிருந்த இனம் மாறியபோதும் அப்பகுதிகளின் குற்றவீதம் உயர்ந்தே இருந்தது. நல்ல இடங்களுக்குக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளிடத்திலோ அது குறைந்தது. 1942இல் வெளிவந்த அவர்களது நூல், பிழை இரத்தத்தில் இல்லை, வாழும் சூழலிலேயே உள்ளது என்பதை வலியுறுத்திற்று.

இதில் ஒரு குறைபாடும் உண்டு. நீதிமன்றப் பதிவேடுகளை மட்டும் கொண்டு கணக்கிட்டால் வறியவர் கூடுதலாகத் தெரிவர். ஏனெனில், வசதியான வீட்டுப் பிள்ளையின் சண்டை வீட்டோடு முடியும். ஏழைப் பிள்ளையின் சண்டை பொலிசுக்குப் போகும்.

குழு எப்படி உருவாகிறது?

பிரெடரிக் திராஷர் 1927இல் வெளியிட்ட நூலில் சிக்காகோவின் 1,313 குழுக்களைப் பற்றிக் கூறினார். அவற்றிற் பல, ஒழுங்கையில் கூடி விளையாடிய சிறுவர் கூட்டங்களாகவே தொடங்கின. பிறரோடு மோதலும், பெரியவர்களின் எதிர்ப்பும் வந்தபோதே அவை இறுகிய குழுக்களாயின. பொஸ்ரன் நகரின் இத்தாலியர் பகுதியில் வாழ்ந்து ஆராய்ந்த வில்லியம் வைட், தெருமுனை இளைஞரிடம் தலைமையும் விசுவாசமும் கைமாறு செய்யும் கடமையும் இருந்ததை 1943இல் காட்டினார். ஒழுங்கற்றது என நாம் நினைக்கும் இடத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு.

ஏன் அவ்வொழுங்கை நாடுகின்றனர்? பணமும் மதிப்பும் தேடும்படி எல்லாரையும் தூண்டும் சமூகம், அவற்றை அடையும் நேர்வழிகளைச் சிலருக்கு மட்டுமே திறந்துவைக்கிறது. அப்போது சிலர் குறுக்குவழி தேடுவர் என்று ரொபேர்ட் மேர்ட்டன் 1938இல் விளக்கினார். பாடசாலையின் அளவுகோலால் தாழ்த்தப்பட்ட மாணவர், அந்த அளவுகோலையே தலைகீழாக்கும் குழுவில் மதிப்பைத் தேடுகின்றனர் என்று அல்பேர்ட் கோஹன் 1955இல் எழுதினார். இடப்பெயர்வால் இரண்டு வருடப் படிப்பை இழந்து, தன்னிலும் சிறியவர்களோடு வாங்கில் இருக்கும் பையனை நினைத்துப் பார்த்தால் இது நமக்கு எளிதில் விளங்கும்.

பெயர் சூட்டுவதன் விளைவு

ஹவார்ட் பெக்கர் 1963இல் இன்னொரு பக்கத்தைச் சுட்டினார். ஒரு செயலைப் பிறழ்வு என்று தீர்மானிப்பது அச்செயல் மட்டுமல்ல, பிறர் அதற்குச் சூட்டும் பெயருமாகும். 'காவாலி' என்ற பெயர் ஒருவன்மேல் ஒட்டிக்கொண்டால், வேலை கொடுப்பவரும் ஆசிரியரும் விலகுவர். எஞ்சுவது அதே பெயர் பெற்ற நண்பர்களே.

1964ம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், இங்கிலாந்தின் கிளக்டன் என்னும் கடற்கரை ஊரில் குளிரும் மழையுமாக இருந்தது. பொழுதுபோகாத இளைஞர் கூட்டங்கள் கைகலந்தன. சில கண்ணாடிகள் உடைந்தன. பத்திரிகைகளோ பெருங்கலவரம் போல எழுதின. அடுத்தடுத்த விடுமுறைகளில் பொலிசாரும் வேடிக்கை பார்ப்போரும் இளைஞரும் மோதலை எதிர்பார்த்தே கூடினர். மிகைப்படுத்திய அச்சமே அச்சத்துக்குரியதை வளர்த்தது என்பதை ஸ்ரான்லி கோஹன் 1972இல் நூலாக்கினார். 'முகாம் பொடியள்' என்று சொல்வோரும், வாள்வெட்டுச் செய்திகளை வாசித்து எல்லா இளைஞரையும் சந்தேகிப்போரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

இதனால் குற்றத்துக்கு நாம் நியாயம் கற்பிப்பதாக எவரும் கொள்ளலாகாது. வெட்டுண்டவனுக்கும், போதைப்பொருளால் சீரழிந்த வீட்டுக்கும் நீதி வேண்டும். காரணத்தை அறிவது வேறு, குற்றத்தை மன்னித்துவிடுவது வேறு.

நாம் என்ன செய்யலாம்?

ஷோ தமது ஆய்வோடு நின்றுவிடவில்லை. 1930களில் தென் சிக்காகோவில் போலந்தவர் வாழ்ந்த ரசல் ஸ்குவயர் பகுதியில், புனித மிக்கேல் பங்கின் ஒத்துழைப்போடு ஒரு முயற்சி தொடங்கிற்று. சிறுவருக்கு விளையாட்டு இடம் கிடைத்தது. வெளியார் வந்து நடத்தாமல், அப்பகுதி மக்களே குழு அமைத்தனர். அவ்விடத்து இளைஞரே பணியாளராயினர். பிடிபட்ட பையனுக்காகப் பொலிசாரோடு பேசினர். திரும்பி வந்தவனை ஏற்றுக்கொண்டனர். குற்றம் எவ்வளவு குறைந்தது என்பதைத் துல்லியமாக அளப்பது கடினமே. எனினும் அந்த வழி நமக்கும் எட்டக்கூடியது.

1. மதகடியில் இருக்கும் பிள்ளைகளைக் கலைக்குமுன் அவர்களின் பெயர்களை அறிவோம். பேச்சுக் கொடுப்போம்.

2. விளையாட்டுக் கழகத்தையும் வாசிகசாலையையும் நடத்தும் பொறுப்பை, கணக்குப் புத்தகம் உட்பட, அவர்களிடமே கொடுப்போம்.

3. காணி இல்லாவிடினும் தொழிலறிவு நம்மிடம் உண்டு. குத்தகைத் துண்டிலோ வீட்டுத் தோட்டத்திலோ மகனை வெறும் கூலியாக அன்றி, விளைச்சலில் பங்காளியாகச் சேர்ப்போம்.

4. படிப்பை இழந்த பிள்ளைக்கு மாலை வகுப்பும், படிப்பில் நாட்டமில்லாத பிள்ளைக்குத் தொழிற்பயிற்சியும் கிடைக்க, அதிபரோடும் கிராம அலுவலரோடும் கூட்டாகப் பேசுவோம்.

5. பொலிசுக்கோ நீதிமன்றுக்கோ போய்வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தாதிருப்போம். அவனுக்கு வேலை தேடிக்கொடுக்க இருவர் பொறுப்பெடுக்கட்டும்.

தாயே, உன் வளர்ப்பு மட்டும் பிழையென்று கலங்காதே. ஊரே சேர்ந்து வளர்த்த பிள்ளையை இன்று நீ தனியாக வளர்க்கிறாய். காணி திரும்பக் கிடைக்கும்வரை காத்திராமல், அந்த ஊரை இருக்கும் இடத்திலேயே மீண்டும் கூட்டுவது நம் எல்லாருடையவும் கடமையாகும். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலும் கமக்காரர் கூட்டத்திலும் இதையே முதல் விடயமாக எடுத்துப் பேசும்படி வேண்டுகிறோம். அக்கூட்டத்துக்கு இளைஞரையும் அழையுங்கள்.